வலது கையைப் பாருங்கள்: கிட்டார் வித்துவான்களின் வீடியோவை வைத்துப் பழகுவது எப்படி

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஆறேழு மாதம் ஆகியிருக்கும். கார்டுகள் ஓரளவுக்குப் பிடிக்க வரும், ஒரு பென்டடோனிக் ஸ்கேல் கைக்குள் இருக்கும். ஏதோ ஒரு ராத்திரி யூடியூபில் எதையோ தேடப் போய் பால் கில்பர்ட் என்ற கிட்டார்காரரின் 'இன்டென்ஸ் ராக்' வந்து மாட்டும். 1988-ல் வெளிவந்த வீடியோ. இருபத்தொன்றோ இருபத்திரண்டோ வயதுள்ள ஒரு ஒல்லிப் பையன் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி வாசித்துத் தள்ளிவிட்டு, அதையே மெதுவாகவும் ஒருமுறை காட்டுவார். உடனே கிட்டாரை எடுப்போம். மெதுவாக வாசித்தால் வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் கை பூட்டிக்கொள்ளும். பத்து நாள் முட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வித்துவானின் வீடியோவுக்குத் தாவுவோம், அங்கேயும் இதே கதை.

நான் இப்படி இரண்டு வருஷம் ஓட்டினேன். ஹார்ட் டிஸ்க்கில் நாற்பது வீடியோ இருந்தது, கையில் ஒரு லிக்கூட (சின்ன இசைத் துண்டு) உருப்படியாக இல்லை. எங்கே தப்பு என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. அத்தனை வீடியோவிலும் நான் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், எந்த விரல் என்பதை டேப்லேச்சர் என்கிற எண் குறிப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அதற்கு வீடியோவே வேண்டாம். வீடியோவில் மட்டும் கிடைக்கிற சரக்கு வலது கைதான். கம்பியைத் தட்டுகிற பிக்கை எப்படிப் பிடித்திருக்கிறார், எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறார், ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு எப்படித் தாண்டுகிறார். இதில் பாதி விஷயம் அவர் வாயிலிருந்தே வராது, ஏனென்றால் அந்தக் கை பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தானாகப் படிந்துவிட்டது, அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகும்: வித்துவான் சொல்வதைப் பாதி நம்புங்கள், அவர் கை செய்வதை முழுசாக நம்புங்கள்.

எந்த வீடியோ, யாருக்கு

இந்த வகைப் பாடங்கள் புதிதில்லை. ஆர்லன் ராத் என்ற கிட்டார்காரர் 1979-ல் 'ஹாட் லிக்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கி, முதலில் ஒலிநாடாவாகவும் பிறகு வீடியோவாகவும் பாடங்களை விற்றார். எண்பதுகளில் ஆர்.ஈ.எச். போன்ற கம்பெனிகளும் இறங்கின. அப்போது அமெரிக்காவில் வேக கிட்டாருக்கு நல்ல மவுசு, அதனால் அந்தக் காலத்துக் கைவீச்செல்லாம் வி.எச்.எஸ். நாடாவில் பதிவாகிவிட்டது. இன்றைக்கு அதில் பெரும்பகுதி இணையத்தில் கிடைக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவை எதுவும் அடிப்படைப் பாடம் கிடையாது. ஓப்பன் கார்டு, பார் கார்டு, கம்பியை இழுத்துச் சரியான சுருதியில் நிறுத்துவது, தாளம் தவறாமல் ஒரு பாட்டுக்கு ரிதம் வாசிப்பது, இவ்வளவும் இல்லாமல் இங்கே வந்தால் மனசுதான் உடையும். இன்னும் அந்தக் கட்டம் தாண்டவில்லை என்றால் ஜஸ்டின் சாண்டர்கோவின் 'ஜஸ்டின் கிட்டார்' தளத்தில் இலவசப் பாடம் வரிசையாக இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை, இந்த வீடியோக்கள் எங்கேயும் போய்விடாது.

அதைத் தாண்டியவர்களுக்கு என் சிபாரிசு இது. டவுன், அப் என்று மாறி மாறி அடிக்கிற ஆல்டர்னேட் பிக்கிங் வேண்டுமானால் கில்பர்ட். ஒழுங்காக அட்டவணை போட்டுப் பழகுகிற சுபாவம் உள்ளவர்களுக்கு ஜான் பெட்ரூச்சியின் 'ராக் டிசிப்ளின்', 1995-ல் வந்தது. கையைச் சூடேற்றுவதில் ஆரம்பித்து, குரோமாட்டிக் (ஒரு ஃப்ரெட்கூட விடாமல் வாசிக்கிற) பயிற்சி, கம்பி தாண்டுவது, சுவீப் (ஒரே வீச்சில் பல கம்பிகளைத் தடவிப் போவது) என்று படிப்படியாகப் போகும். கொஞ்சம் வாத்தியார்த்தனமாக இருக்கும், ஆனால் குழப்பமே இருக்காது. ஃப்ராங்க் கம்பாலே வேறு ரகம். அடுத்த கம்பிக்குப் போகும்போது அதே திசையில் பிக்கைச் சறுக்கவிட்டு ஒரு வீச்சை மிச்சம் பிடிப்பார், டவுன்-அப்-டவுன் முடிந்ததும் அடுத்த கம்பியில் மறுபடி டவுன். அழகான முறைதான், ஆனால் ஆல்டர்னேட் பழகுகிற அதே மாதத்தில் இதையும் கலந்தால் இரண்டுமே கெடும். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் நில்லுங்கள். ஷான் லேனின் 'பவர் லிக்ஸ்' இருக்கிறதே, அதை இப்போதைக்குச் சும்மா பார்த்து வாய் பிளந்தால் போதும். அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

கருவியைச் சரி செய்துகொள்ளுங்கள்

இதில் அரை நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள். கம்பி 9-42 அளவு போதும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இடைவெளி மெல்லிய கம்பியில் ஒன்றரை மில்லிமீட்டர், தடித்த கம்பியில் இரண்டு மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. மூன்று, நாலு மில்லிமீட்டர் என்று இருந்தால் கிட்டார் ரிப்பேர் செய்கிற ஆளிடம் கொடுத்து செட்டப் செய்துகொள்ளுங்கள், அதோடு மல்லுக்கட்டுவதில் புண்ணியமில்லை. பிக் வளையாததாக இருக்கட்டும். டன்லப் ஜாஸ் 3 என்று ஒரு சின்ன பிக் உண்டு, 1.38 மில்லிமீட்டர் கனம், வேகமாக வாசிப்பவர்கள் நிறையப் பேர் கையில் அதைப் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி வளைகிற பிக்கை வைத்துக்கொண்டு உங்கள் கை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

ஆம்ப் பெரிதாக வேண்டாம். ஹெட்ஃபோன் மாட்டுகிற வசதி இருந்தால் வீட்டில் சண்டை வராது. டிஸ்டார்ஷனை மட்டும் பாதிக்கு மேல் திருப்பாதீர்கள். இன்னொரு பழக்கம், பயிற்சியில் பாதி நேரம் டிஸ்டார்ஷன் இல்லாமல் கிளீனாகவும் பாதி நேரம் டிஸ்டார்ஷனோடும் வாசியுங்கள். கிளீனில் உங்கள் பிக்கிங்கின் ஓட்டை தெரியும், எந்த அடி விழவில்லை, எது பலவீனம் என்று காது காட்டிக்கொடுக்கும். டிஸ்டார்ஷனில் மற்ற கம்பிகள் போடுகிற சத்தம் தெரியும். ஒன்றில் மட்டும் பழகியவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்.

சுருதி விஷயத்தில் ஒரு தொல்லை உண்டு. வீடியோவோடு சேர்ந்து வாசித்தால் பொருந்தவே பொருந்தாது, நம் காதில்தான் கோளாறோ என்று தோன்றும். யிங்வி மால்ம்ஸ்டீன் போன்ற வேக கிட்டார்காரர்கள் எல்லாக் கம்பியையும் அரை சுருதி இறக்கி வைத்து வாசிப்பவர்கள். அது போக, பழைய நாடாவிலிருந்து எடுத்த நகல்களில் நாடா ஓடிய வேகமே கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம், அரை சுருதிக்கும் குறைவாக விலகி நிற்கும். ட்யூனரை மூடிவிட்டு, வீடியோவில் அவர் நீட்டி நிறுத்துகிற ஏதாவது ஒரு ஸ்வரத்துக்கு உங்கள் கிட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவைப் பார்க்கிற முறை

கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு முதல் தடவை முழுசாகப் பாருங்கள். இதில் ஒரே ஒரு வேலை, உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று ஒரு லிக்கைத் தேர்ந்தெடுப்பது. ஒன்றே ஒன்று. ஐந்து விநாடிக்கு மேல் நீளாத துண்டாக இருக்கட்டும், அது எந்த நிமிடம், எந்த விநாடியில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதுதான் ரொம்ப உபயோகமான தடவை. சத்தம் இருந்தால் கண் தானாக இடது கைக்குப் போய்விடும், அங்கேதான் கூத்து நடக்கிற மாதிரி தோன்றும். சத்தம் இல்லாவிட்டால் வலது கையைப் பார்க்கப் பொறுமை வரும். மணிக்கட்டு அசைகிறதா, முழங்கை அசைகிறதா, விரல் மூட்டு மட்டும் மடங்கி நிமிர்கிறதா? உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ்மேல் படிந்திருக்கிறதா, மிதக்கிறதா? மீதி விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, கிட்டாரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? பிக்கின் நுனி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டு வித்துவான்களின் கை ஒரே மாதிரி இருக்காது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே 'சரியான பிடி இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மூன்றாவது தடவை மெதுவாக ஓடவிடுங்கள். யூடியூபில் வேகத்தைக் கால் பங்குவரை குறைக்கலாம், குறைத்தாலும் சுருதி மாறாது. கம்ப்யூட்டரில் பார்த்தால் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்த ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னே நகரும், கமா விசையை அழுத்தினால் பின்னே வரும். வலது பொத்தானைத் தட்டினால் லூப் வசதியும் இருக்கிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தட்டுக்கு ஆறு ஸ்வரம், நிமிடத்துக்கு 120 தட்டு என்று ஒருவர் வாசித்தால் விநாடிக்குப் பன்னிரண்டு ஸ்வரம். இணையத்தில் இருக்கிற பழைய வீடியோக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃப்ரேம். அப்படியானால் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டரை ஃப்ரேம்தான் மிஞ்சும். அதில் பிக் ஒரு மங்கலான கோடாகத்தான் தெரியும். கம்பி மாற்றுகிற அந்த ஒரு கணம் எந்த ஃப்ரேமிலும் சிக்காமலேயே போகலாம். இந்த இடத்தில்தான் ட்ராய் கிரேடியின் வேலை உதவும். 'கிராக்கிங் தி கோட்' என்ற அவருடைய தொடரில் கிட்டாரின் மேலேயே கேமராவைப் பொருத்தி, பெரிய பெரிய ஆட்களின் பிக்கை மிக அருகிலிருந்து படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். பழைய வீடியோவில் மங்கலாகத் தெரிந்தது அங்கே பளிச்சென்று தெரியும்.

மெதுவாக வாசிப்பதில் உள்ள பொய்

எல்லா வித்துவானும் சொல்கிற அறிவுரை: மெட்ரோனோமை (தாளம் தட்டுகிற கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வை, சுத்தமாக வந்ததும் இரண்டு இரண்டாக ஏற்று. கேட்க நியாயமாக இருக்கும். நானும் செய்தேன், 60-லிருந்து 92 வரை ஒழுங்காக ஏறினேன், 96-ல் நின்றுவிட்டேன். மூன்று மாதம் 96. தினமும் ஒரே சுவரில் தலையை முட்டுகிற மாதிரி.

காரணம் எளிது. மெதுவாக வாசிக்கும்போது எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். நிறைய நேரம் இருப்பதால் பிக்கைத் தூக்கி, சுற்றி, இறக்கி அடுத்த கம்பியில் வைத்துவிடுவோம், காதுக்குச் சுத்தமாகவே கேட்கும். வேகத்தில் அந்தத் தூக்கிச் சுற்றுகிற வேலைக்கு நேரமே கிடையாது. ஆக, மெதுவாகப் பழகிய அசைவு ஒன்று, வேகத்துக்குத் தேவையான அசைவு வேறொன்று. தவறான அசைவை ஆயிரம் முறை சுத்தமாகப் பழகியிருக்கிறோம்.

வேக அசைவு என்பது என்ன? பிக்கைக் கம்பிகளின் மட்டத்துக்கு நேராக ஓட்டினால் டவுன் அடித்தாலும் அப் அடித்தாலும் அது இரண்டு கம்பிகளுக்கு நடுவிலேயே சிக்கிக் கிடக்கும், கம்பி தாண்ட முடியாது. அதனால் வேகமாக வாசிப்பவர்களின் வீச்சு கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஒரு வகைச் சாய்வில், அப் அடித்து முடிக்கும்போது பிக் தானாகக் கம்பிகளுக்கு மேலே வந்து நிற்கும், அங்கிருந்து எந்தக் கம்பிக்கும் சும்மா போய்விடலாம். டவுன் அடித்து முடிக்கும்போது உள்ளே புதைந்திருக்கும். மால்ம்ஸ்டீன் இந்த வகை. அப் அடித்த பிறகுதான் கம்பி மாற்றுவார், அதற்குத் தோதாக ஒரு கம்பியில் இரட்டைப்படையில் ஸ்வரங்களை அமைத்துக்கொள்வார், கணக்கு இடித்தால் நடுவில் ஒரு ஸ்வரத்தைப் பிக் படாமல் விரலால் சுண்டிவிட்டு ஈடுகட்டுவார். எதிர்ப்பக்கம் சாய்த்தால் டவுனில் வெளியே வரும், அப்பில் புதையும். இரண்டு பக்கமும் வெளியே வருகிற மாதிரி அசைவை வைத்திருப்பவர்களும் உண்டு.

உங்கள் கை இயல்பில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. ஒரே கம்பியில், இடது கை ஒன்றுமே செய்யாமல், வலது கையால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நான்கு விநாடி அடியுங்கள். சுத்தம் முக்கியமில்லை, தோள் இறுகக் கூடாது, அவ்வளவுதான். அதை போனில் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். பல போன்களில் விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கலாம், அப்படியென்றால் விநாடிக்குப் பன்னிரண்டு ஸ்வர வேகத்தில்கூட ஒரு ஸ்வரத்துக்கு இருபது ஃப்ரேம் கிடைக்கும். எண்பதுகளில் எந்த மாணவனுக்கும் கிடைக்காத வசதி நம் பாக்கெட்டில் கிடக்கிறது. வந்த படத்தில் பிக் எந்த வீச்சின் முடிவில் கம்பிக்கு வெளியே வருகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கை. மெதுவாகப் பழகும்போதும் அதே அசைவைத்தான், சின்னதாக, மெதுவாகச் செய்ய வேண்டும்.

ஷான் லேன் விஷயத்துக்கு வருகிறேன். மெம்பிஸ் நகரத்துக்காரர், 2003-ல் நாற்பது வயதிலேயே இறந்துபோனார். முதலில் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை என்று ஓட்டிவிட்டு, அப்புறம் அதைச் சுத்தம் செய்வது அவர் வழி. மற்றவர்கள் சொல்வதற்கு நேர் எதிர். இதை மட்டுமே செய்தால் கை கந்தலாகிவிடும், ஆனால் தினமும் ஐந்து நிமிடம் செய்தால் மெதுவான பயிற்சியின் பொய் உடனே வெளியே வந்துவிடும்.

ஒரு லிக்கை எடுத்துக் கடைசிவரை போவோம்

கில்பர்ட் பெயரைச் சொன்னாலே கிட்டார்காரர்கள் வாசித்துக் காட்டுகிற ஓர் ஆறு ஸ்வரத் துண்டு உண்டு. முதல் கம்பியில், அதாவது மெல்லிய ஈ கம்பியில் 12-வது ஃப்ரெட். பிறகு இரண்டாவது கம்பியான பி-யில் 15, 13, 12, 13, 15. அப்படியே சுற்றி மறுபடி ஈ கம்பியின் 12. விரல்கள்: இரண்டு கம்பியிலும் 12-க்கு ஆள்காட்டி, 13-க்கு நடுவிரல், 15-க்குச் சுண்டுவிரல். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவர்களுக்கு இன்னும் எளிது, சி-யை ஸட்ஜமாக வைத்தால் இது க ரி ஸ நி ஸ ரி, சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். பாடிப் பாருங்கள். பாட வந்துவிட்டால் இடது கைக்குப் பாதி வேலை முடிந்தது.

வலது கை: ஈ கம்பியில் டவுன், பி கம்பியில் அப்-டவுன்-அப்-டவுன்-அப். இங்கேதான் குசும்பு. ஒரு கம்பியில் ஒன்று, இன்னொன்றில் ஐந்து, இரண்டுமே ஒற்றைப்படை. ஈ-யிலிருந்து பி-க்குப் போவது டவுனுக்குப் பிறகு, பி-யிலிருந்து ஈ-க்குத் திரும்புவது அப்புக்குப் பிறகு. அதாவது ஒரு பக்கம் மட்டும் வெளியே வருகிற கை இதில் ஏதோ ஒரு மாற்றத்தில் கட்டாயம் மாட்டும். இது தெரியாமல்தான் நான் மூன்று மாதம் 96-ல் கிடந்தேன். இடது கை விரலைக் குறை சொல்லிக்கொண்டு அதற்குத் தனிப் பயிற்சி வேறு!

முதல் வாரம் கம்பி மாற்றமே வேண்டாம். பி கம்பியில் 15-13-12 மட்டும் சுற்றிச் சுற்றி வாசியுங்கள், ரி ஸ நி, ரி ஸ நி. ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்வரத்தில் அழுத்தம் கொடுங்கள். மூன்று ஸ்வரம் என்பதால் அழுத்தம் ஒருமுறை டவுனில் விழும், அடுத்த முறை அப்பில் விழும், இது ஆரம்பத்தில் தடுமாறவைக்கும். வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே வாசித்தால் இரண்டு நாளில் நேராகிவிடும்.

இரண்டாவது வாரம் ஈ கம்பியைச் சேருங்கள். மெட்ரோனோமை இரண்டு இரண்டாக ஏற்றுவதற்குப் பதில் நம்மூர் முறை ஒன்று இருக்கிறது, சரளி வரிசை படித்த எவருக்கும் தெரிந்ததுதான். தாளத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு மூன்று காலத்தில் வாசிப்பது. மெட்ரோனோம் 60-லேயே இருக்கட்டும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு மூன்று ஸ்வரம், லிக் முழுசாக முடிய இரண்டு தட்டு ஆகும். இரண்டாம் காலத்தில் ஒரு தட்டுக்கு ஆறு, 'தகதிமி தக' என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாம் காலத்தில் பன்னிரண்டு. மூன்றாம் காலம் இப்போதைக்கு வராது, வரத் தேவையுமில்லை. ஆனால் தினமும் ஒரு நான்கு விநாடி அதை முயற்சி செய்யுங்கள், ஷான் லேன் மாதிரி, அழுக்காக. எந்த மாற்றத்தில் பிக் கம்பியில் தட்டுகிறது என்று கவனித்துவிட்டு முதல் காலத்துக்குத் திரும்பி, அந்த இடத்தை மட்டும் ஸ்லோமோஷனில் படம் எடுத்துப் பாருங்கள். 60-லிருந்து பிறகு 66, 72 என்று போகலாம், ஆனால் மூன்று காலமும் கூடவே வர வேண்டும்.

சத்தத்தை அடக்குவது

மைக்கேல் ஏஞ்சலோ பாட்டியோ என்ற வேக கிட்டார்காரரின் வீடியோவைப் பார்த்தால் ஸ்வரங்களுக்கு நடுவே ஒரு சின்ன இரைச்சல்கூடக் கேட்காது. கிட்டாரின் தலைப்பக்கம் பாருங்கள், கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற ஒரு சாதனம் இருக்கும். வேறு சிலர் தலைமுடிக்குப் போடுகிற எலாஸ்டிக் பேண்டைக் கழுத்து முடிகிற நட் பக்கத்தில் சுற்றிவிடுவார்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, ஆனால் இது தெரியாமல் என் கை மட்டும் ஏன் இப்படி இரைகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. நீங்களும் சுற்றிக்கொள்ளலாம், ஆறு மாதம் போன பிறகு. அதுவரை கையாலேயே அடக்கப் பழகுங்கள். வாசிக்கிற கம்பியைவிடத் தடித்த கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரமும், மெல்லிய கம்பிகளை ஆள்காட்டி விரலின் உள்பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடியோவில் இதையும் தேடிப் பாருங்கள், உள்ளங்கை கம்பிக்குக் கம்பி நகர்ந்துகொண்டே போவது தெரியும்.

வலி வந்தால்

நிறுத்துங்கள். விரல் நுனி எரிவது வேறு, அது ஆரம்பத்தில் எல்லோருக்கும் உண்டு. மணிக்கட்டிலோ, முன்கையிலோ, முழங்கையிலோ குத்துகிற வலி, மரத்துப்போவது, இதெல்லாம் வந்தால் அன்றைக்குக் கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று நாளில் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். நான் வீம்புக்கு வாசித்து முழங்கை வலியை வரவழைத்துக்கொண்டு ஆறு வாரம் கிட்டாரைத் தொடாமல் இருந்திருக்கிறேன். அந்த ஆறு வாரமும் வீட்டில் என் மனைவிதான் நிம்மதியாக இருந்தாள், அது தனிக் கதை.

பெட்ரூச்சி தன் பாடத்தைக் கையைச் சூடேற்றுவதில் ஆரம்பிப்பது சும்மா இல்லை. ஐந்து நிமிடம் மெதுவாக எதையாவது வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஸ்டீவ் வாய் என்ற கிட்டார்காரரின் பத்து மணி நேரப் பயிற்சி அட்டவணை 1990-ல் 'கிட்டார் வேர்ல்ட்' பத்திரிகையில் வந்தது, இன்றைக்கும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். படிக்கச் சுவாரசியமானது. வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காருகிறவருக்கு நாற்பது நிமிடம் போதும். ஐந்து நிமிடம் சூடேற்றல், பதினைந்து நிமிடம் அந்த ஒரே லிக், ஐந்து நிமிடம் வேகச் சோதனையும் படம் பிடிப்பதும், மீதி நேரம் ஏதாவது பாட்டு. பாட்டை விட்டுவிடாதீர்கள், ஆறு மாதம் பயிற்சி மட்டுமே வாசித்தவர்களிடம் 'ஏதாவது வாசிங்களேன்' என்று கேட்டால் ஸ்கேல் வாசிப்பார்கள், பாவமாக இருக்கும்.

லிக்கைப் பாட்டாக்குவது

லிக் கையில் உட்கார்ந்ததும் அதை உடைக்க ஆரம்பிக்க வேண்டும். பின்னணி இசை மட்டும் உள்ள பேக்கிங் ட்ராக் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஆறு ஸ்வரத்தையும் கொட்டாமல் மூன்றை மட்டும் வாசித்து நிறுத்துங்கள், கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் இழுத்து அசையுங்கள். ஆறு ஸ்வரத் துண்டை நான்கு நான்காக அழுத்தம் கொடுத்து, 'தகதிமி தகதிமி' என்று சொல்லிக்கொண்டே வாசித்தால் அழுத்தம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஸ்வரத்தில் விழும், மூன்று 'தகதிமி' முடியும்போது லிக் இரண்டு சுற்று முடிந்து மறுபடி முதல் ஸ்வரத்தில் வந்து சேரும். அதே ஸ்வரங்கள்தான், கேட்கப் புதிதாக இருக்கும்.

கஞ்சிரா, கடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ரத்தத்தில் இருக்கிறது, வெளிநாட்டு வித்துவான்கள் இதைத் தேடி வந்திருக்கிறார்கள். ஷான் லேன் தன் கடைசி வருஷங்களில் பாஸ் கிட்டார்காரர் யோனாஸ் ஹெல்போர்கோடு சேர்ந்து கஞ்சிரா வி. செல்வகணேஷுடன் வாசித்திருக்கிறார், அந்தப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். அந்த வேகமெல்லாம் தாளத்துக்குள் எப்படி அடங்கி உட்காருகிறது என்பது பாட வீடியோவைவிட அங்கே நன்றாகத் தெரியும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிற ஆர். பிரசன்னாவையும் பாருங்கள், இவர் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொண்டு இடது கையைப் பாருங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஃப்ரெட் மேல் சறுக்கியும் கம்பியை இழுத்தும் கமகத்தைக் கொண்டுவருகிற விதம், டேப்லேச்சரில் எழுதவே முடியாதது.

ஒரு மாதம் கழித்து முதல் நாள் எடுத்த ஸ்லோமோஷன் படத்தையும் அன்றைக்கு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிக் பயணம் செய்கிற தூரம் குறைந்திருக்க வேண்டும், இரண்டு கம்பி மாற்றத்திலும் தட்டாமல் தாண்ட வேண்டும். வேகம் ஏறியிருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். மாற்றம் ஒன்றுமே தெரியவில்லை என்றால் வீடியோவால் இதற்கு மேல் ஆகாது, நேரில் உட்கார்ந்து உங்கள் கையைப் பார்த்துச் சொல்கிற ஓர் ஆளிடம் நாலு வகுப்பு போய்விட்டு வாருங்கள். வீடியோவில் இருக்கிறவருக்கு உங்கள் கை தெரியாதே.

மாற்றம் தெரிந்தால் அடுத்த வேலை, அதே லிக்கை மற்ற கம்பி ஜோடிகளுக்கு இறக்குவது. ஜி-டி ஜோடியிலும், டி-ஏ, ஏ-தடித்த ஈ ஜோடிகளிலும் இதே வடிவம் அப்படியே பொருந்தும். பி-ஜி ஜோடியில் மட்டும் பொருந்தாது, ஏனென்றால் அந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே மற்ற ஜோடிகளைவிட அரை சுருதி குறைவு. ஜி கம்பியில் 15, 13, 12 வாசித்தால் பி கம்பியில் 12-க்குப் பதில் 13-ஐப் பிடிக்க வேண்டும், அதற்கு ஆள்காட்டியை விட்டுவிட்டு நடுவிரலைப் போடுங்கள். இரண்டு நாள் கை பழைய 12-க்கே ஓடும்.